லூயி பாஸ்டரும் புட்டிகளும்

பிரான்சு தேசத்தின் கிழக்கெல்லையை ஒட்டி ஜூரா என்னும் மலைநாடு உள்ளது. அந்நாட்டைச் சார்ந்த டோல் என்னும் ஊரில், 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், தோல் பதனிடும் தொழில் செய்வார் ஒருவரது இல்லத்திலே லூயி பாஸ்டர் பிறந்தார். தந்தையார் ஜான் ஜோசப் நெப்போலியனது சேனையில் பணியாற்றி வீரப்பதக்கம் பெற்றவர்; போர் ஒழிந்த பின்னர்த் தம் குலத்தொழிலுக்கே மீண்டவர். சில ஆண்டுகளில் அக் குடும்பம் ஆர்புவா என்னும் சிற்றூரிற் குடியேறிற்று. திராட்சைத் தோட்டங்களும் இரசம் சேர்த்து வைக்கும் நிலவறைகளும் நிறைந்த அவ்வூரையே பாஸ்டர் தம் வாழ்நாள் முழுவதும் சொந்த ஊராகக் கருதினார்.

இளமையிலே அவர் பெரும் புலமை காட்டினாரல்லர். ஓவியந் தீட்டுவதில் விருப்பமும் திறமையும் உடையவராயிருந்தார். 1838-ஆம் ஆண்டு கல்வியின்பொருட்டுப் பாரிசுக்கு அனுப்பப்பெற்று, வீட்டு நினைவு வாட்ட, சில வாரங்களிலே தந்தையாருடன் ஊர் திரும்பினார். 1842-ஆம் ஆண்டு அவர் பெற்ற விஞ்ஞானப் பட்டத்தில், இரசாயனப் பாடத்துக்கெதிரே நடுத்தரம் என்று குறிக்கப்பட்டிருந்ததாம்! ஆண்டுதோறும் தேர்வு மண்டபத்திலே நெற்றி வியர்க்க அமரும் எம் போன்றார்க்கு இஃது ஓர் ஆறுதலான செய்தியே. ஆயினும் அவரது உறுதி எம் உறுதி போன்றதன்று. பாரிசிலுள்ள எக்கோல் நார்மால் என்னும் உயர்கல்விச்சாலையில் இடம் கிடைத்தும், தம் வரிசை எண் தாழ்ந்ததென்று அதனை ஏற்காது, மறுபடியும் படித்துத் தேர்வெழுதி, 1843-ஆம் ஆண்டு மேலான இடம் பெற்று நுழைந்தார்.

1848-ஆம் ஆண்டு, திராட்சை இரசப் பீப்பாய்களிற் படியும் உப்பினின்று கிடைக்கும் அமிலத்தின் படிகங்களை ஆராய்ந்து, அவற்றுள் ஒருவகை மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம் போன்றிருத்தலைக் கண்டறிந்தார். அப்பொழுது அவருக்கு வயது 25. அக் கண்டுபிடிப்பின் பெருமையை விரிக்கின் இரசாயன மாணவர் எம்மைத் திருத்த வருவராதலின் அம்மட்டில் விடுகின்றோம். 1849-ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பூர் நகரிலே பேராசிரியரானார். அவ்வாண்டிலேயே மரி லோரான் என்னும் நங்கையை மணந்தார். கணவர் கூறக் கூற எழுதியும், ஆராய்ச்சிக் குறிப்புக்களைப் படியெடுத்தும், அவர் மனத்தின் போக்கறிந்து துணைநின்ற அவ்வம்மையாரைப்பற்றி வரலாறு எழுதுவோர் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றனர். யாமும் அவ்வழியே செல்ல நேர்ந்தமைக்கு இடச்சுருக்கமே காரணம்.

இனி எம் பொருளுக்கு வருவோம். 1854-ஆம் ஆண்டு லீல் நகரத்து விஞ்ஞானக் கல்விப் பகுதிக்குத் தலைவராகப் பாஸ்டர் நியமிக்கப்பெற்றார். அந்நகரில் பீட்டுக் கிழங்கிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலைகள் பல இருந்தன. 1856-ஆம் ஆண்டு பிகோ என்னும் ஆலைக்காரர், தம் தொட்டிகள் சில காரணமின்றிப் புளித்துக் கெடுகின்றன என்று முறையிட்டு வந்தார். அவர் மகன் பாஸ்டரின் மாணவன். பேராசிரியர் தம் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஆலைக்கே சென்றார். நல்ல தொட்டியின் நீரில் உருண்டையான ஈஸ்டு அணுக்களைக் கண்டார். கெட்ட தொட்டியின் நீரிலோ சிறுகோல் போன்ற வேறு பொருள்கள் நெளியக் கண்டார். ஈஸ்டு என்பது உயிருள்ளது என்று ஷ்வான் முதலிய அறிஞர் 1837-ஆம் ஆண்டையொட்டியே கூறியிருந்தனர். ஆனால் லீபிக் என்னும் ஜெர்மானிய இரசாயனப் பேரறிஞர் அதனை எள்ளி நகையாடி, புளித்தல் என்பது வெறும் சிதைவே என்று நிலைநாட்டியிருந்தார். அவர் சொல்லை மறுக்க அக்காலத்தில் எவரும் அஞ்சினர். 1857-ஆம் ஆண்டு பாஸ்டர் பால் புளித்தலைப்பற்றி வெளியிட்ட கட்டுரையில், ஒவ்வொரு வகைப் புளிப்புக்கும் தனித்தனி நுண்ணுயிர் காரணம் என்னும் கொள்கை வித்தூன்றப்பட்டது.

வித்தின்றி உயிர் தோன்றுமா என்னும் வழக்கு அப்பொழுது எழுந்தது. ரூவான் நகரத்துப் பூஷே என்பார் தோன்றும் என்றார். பாஸ்டர் குடுவைகளை எடுத்து, அவற்றின் கழுத்தை நெருப்பிலே இளக்கி, அன்னத்தின் கழுத்தைப்போல வளைத்து நீட்டினார். உள்ளிருந்த சாற்றைக் கொதிக்கவைத்து ஆறவிட்டார். காற்று உட்புகத் தடையில்லை. ஆனால் காற்றோடு வரும் தூசி வளைந்த கழுத்திலே தங்கிவிடும். சாறு நாட்பல கழிந்தும் கெடவில்லை. குடுவையைச் சாய்த்துச் சாற்றைக் கழுத்துத் தூசியிலே படவிட்டால் சின்னாளிற் கெட்டது. குழவியும் விளங்கிக்கொள்ளத்தக்க இவ்வளவு எளிய சோதனையை அதற்கு முன் ஒருவரும் இத்துணைத் தெளிவாகச் செய்துகாட்டினாரல்லர்.

1860-ஆம் ஆண்டு அவர் மேற்கொண்ட மலைப்பயணம், மலைநாட்டிற் பிறந்த எம் நெஞ்சுக்கு இன்னும் அணிமையானது. ஈஸ்டைக் கொதிக்கவைத்து வடித்த நீரை நிரப்பி, வாயை உருக்கி மூடிய குடுவைகளுடன் அவர் புறப்பட்டார். ஜூரா மலையின் அடிவாரத்தில் 20 குடுவைகளைத் திறந்து காற்றை உட்புகவிட்டு மீண்டும் மூடினார். அவற்றுள் 8 கெட்டன. 850 மீட்டர் உயரத்திலே 20 திறந்தார், 5 கெட்டன. பின்னர் ஆல்ப்ஸ் மலையிலே, 2,000 மீட்டர் உயரத்திலுள்ள பனிப்பாறையருகே 20 திறந்தார். ஒன்றே ஒன்று கெட்டது. திறக்கும்போதெல்லாம் குடுவையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, தீயிற் காய்ச்சிய இடுக்கியாலே முனையை முறித்தார். தம் உடையின் தூசியும் உள்ளே புகலாகாதென்பதே கருத்து. முதல் முயற்சி பனியின் பளபளப்பிலே விளக்கின் சுடர் கண்ணுக்குத் தெரியாமையாலும், காற்றடித்தமையாலும் பயனற்றுப் போயிற்று. எங்கள் தலைச்சோலையைத் தன்னகத்தே கொண்ட சேர்வராயன் மலை ஏற்காட்டையடுத்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரமுள்ளது. ஜூராவுக்கும் பனிப்பாறைக்கும் இடைப்பட்ட உயரம் இது. இங்கே 20 குடுவைகளைத் திறந்திருந்தால் எத்தனை கெட்டிருக்கும் என்று பலகாலும் எண்ணியதுண்டு. மலையுச்சியிலே சிலவே கெடலாம். காப்பித் தோட்டத்துத் தொட்டியருகே திறந்திருப்பின் இருபதும் கெட்டிருக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

காப்பித் தொட்டியைக் குறிப்பிட்டமைக்குக் காரணமுண்டு. சேலத்துக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820-ஐ ஒட்டி இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பர். பழத்தின் தோலை இயந்திரத்தால் உரித்தபின் கொட்டையின்மேற் கொழகொழப்பான பசை ஒட்டிக்கொண்டிருக்கும். கொட்டைகளைத் தொட்டியிலிட்டு ஒருநாள் அளவு புளிக்கவிட, அப் பசையை நுண்ணுயிர்கள் கரைத்துவிடும். பிறகு கழுவி உலர்த்துவர். சென்றமுறை தங்கிய அழுகற்கொட்டை ஒன்று தொட்டியின் மூலையிலே கிடந்தாலும் அடுத்த ஈட்டின் மணம் கெடும். ஆதலின் ஒவ்வொரு முறையும் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவர் தோட்டத்து மக்கள். லீல் நகரத்து ஆலைக்காரர் அறியாதிருந்த உண்மையை இவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

பாஸ்டரின் இல்லத்தை அக்காலத்திலே துயரம் மூன்று முறை தாக்கியது. 1859-ஆம் ஆண்டு மூத்த மகள் ஜான் 9 வயதிலே ஆர்புவாவில் நச்சுக்காய்ச்சலால் இறந்தாள். 1865-ஆம் ஆண்டு 2 வயதுக் கமீயையும், 1866-ஆம் ஆண்டு 12 வயதுச் சேசிலையும் இழந்தார். சேசிலைக் கொண்டுபோனதும் அதே நச்சுக்காய்ச்சலே. அந் நோய் கிருமியால் அசுத்த நீரின் வழியும் உணவின் வழியும் பரவுவதென்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். புளித்த தொட்டிகளிலே கிருமியைத் தேடிக்கொண்டிருந்த தந்தைக்கு, தம் வீட்டின் கிருமியைத் தடுக்கும் வழி அன்று தெரியாது. புட்டியும் குடுவையும் கழுவுவதிலே அவர் கொண்ட கடுமையைச் சிலர் பித்து என்றனர். இம் மூன்று சவக்குழிகளையும் நினைப்பார் அவ்வாறு கூறார்.

1863-ஆம் ஆண்டு மூன்றாம் நெப்போலியன் மன்னர் கேட்டுக்கொள்ள, திராட்சை இரசம் கெடுவதன் காரணத்தை ஆராய்ந்தார். புட்டியிலடைத்த இரசத்தை 50 முதல் 60 பாகை வரை சிறிதுநேரம் சூடேற்றினால் கெடுக்கும் கிருமிகள் ஒழியும், சுவை குன்றாது என்று கண்டு 1865-ஆம் ஆண்டு உரிமைச்சீட்டும் பெற்றார். இன்று பாலைச் சூடேற்றும் முறைக்கு அவர் பெயரையே வழங்குகின்றோம். ஆனால் பாலுக்கு அம்முறையைப் பின்னர் எடுத்துரைத்தவர் வேறொருவர். பாஸ்டர் தொடங்கியது இரசப் புட்டியிலேதான். 1865 முதல் சில ஆண்டுகள் பட்டுப்புழுக்களின் நோயை ஆராய்ந்தார். அவ்வேலையின் நடுவே, 1868-ஆம் ஆண்டு அக்டோபரில் பக்கவாதம் தாக்க, இடக்கையும் இடக்காலும் பின்னர் ஒருபோதும் முழு வலிமை பெறவில்லை. அவர் செய்த பெருஞ்செயல்களுள் பாதிக்கு மேற்பட்டவை இதன் பின்னர்ச் செய்தவை என்பதை மறத்தலாகாது.

1870-ஆம் ஆண்டு பிரஷியரோடு மூண்ட போரில் பிரான்சு தோற்றது. படையிலிருந்த தம் ஒரே மகனைத் தேடிப் பனியிலே அலைந்து உயிரோடு கண்டுபிடித்தார் பாஸ்டர். பான் பல்கலைக்கழகம் அளித்திருந்த மருத்துவப் பட்டத்தைத் திருப்பியனுப்பினார். ஜெர்மானியரது பெருமைகளுள் ஒன்றாகிய பீர் என்னும் வாற்கோதுமை மதுவிலும் அவர்களை வெல்லவேண்டும் என்று உறுதிபூண்டார். பகைமை அறிவுக்கு அழகன்று. அவர் நெஞ்சின் இப் பகுதியை யாம் புகழவில்லை. ஆயினும் அப் பகைமையினின்று விளைந்த நூல் ஜெர்மானியர்க்கும் பயன்பட்டது. வேடிக்கை யாதெனில், பாஸ்டர்க்குப் பீரிலே விருப்பமேயில்லை. ஒரு பீருக்கும் மற்றொன்றுக்கும் சுவை வேறுபாடு அறியாதவர் என்று நண்பர் பெர்த்தான் அவரைக் கேலி செய்வாராம்.

மதுவைப்பற்றி ஒரு மிஷன் கல்லூரி மலரிலே இவ்வளவு எழுதலாமோ எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். அதிலும் யாம் சேலம் மாவட்டத்தினர். சென்னை மாகாணத்திலே முதன்முதல் மதுவிலக்கு, 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள், இராஜாஜியின் ஆட்சியில் நடைமுறைக்கு வந்தது எம் மாவட்டத்திலேதான். குடியைப் போற்றுவது எம் கருத்தன்று. குடிப்பதற்காக வைத்த புட்டியிலிருந்து நோயாளியின் புண்ணுக்கு மருந்து எவ்வாறு வந்தது என்பதே எம் பொருள்.

1871-ஆம் ஆண்டு கிளெர்மோன் நகருக்கருகே ஷாமலியேர் என்னும் ஊரிலிருந்த கூன் என்பாரது சிறிய பீர் ஆலையிலே பாஸ்டர் ஆராய்ச்சி தொடங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் இலண்டன் சென்று விட்பிரெட் என்னும் பேராலையைப் பார்வையிட்டார். அவர்களது ஈஸ்டில் ஒரு துளியை உருப்பெருக்கியிலிட்டு நோக்கி, அதிலே வேண்டாத இழைகள் கலந்துள்ளன என்றார். ஆலையார் முதலில் தயங்கினர். பின்னர்த் தம் சரக்கிலே ஒரு பகுதி கெட்டுக் கிடப்பதை ஒப்புக்கொண்டனர். ஒரு வாரத்துக்குள் அவர் மீண்டும் சென்றபோது அங்கே ஒரு உருப்பெருக்கி வாங்கி வைக்கப்பட்டிருந்தது. 1876-ஆம் ஆண்டு வெளிவந்த பீர் பற்றிய ஆராய்ச்சி நூலிலே, புளித்தல், நூல்போல் இழுபடுதல், நாறுதல் ஆகிய கேடு ஒவ்வொன்றுக்கும் உரிய கிருமியைப் படம் வரைந்து காட்டினார். இளமையிற் பழகிய ஓவியக் கண் அங்கே உதவியிருத்தல் வேண்டும். ஜெர்மானியர் முறையிலே பீர் வடிக்க மலைமலையாகப் பனிக்கட்டி வேண்டியிருந்ததன் காரணத்தையும் அந்நூல் விளக்கிற்று. குளிர் பீருக்காக மட்டுமன்று. கேட்டுக் கிருமிகளைத் தடுப்பதற்கும் வேண்டியிருந்தது.

கிருமி எங்கிருந்து வருகின்றது? காற்றிலிருந்தும், ஈஸ்டிலிருந்தும், எல்லாவற்றினும் மேலாகக் கலத்திலிருந்தும் என்பது விடை. வீட்டிலே பீர் வடித்துப் புட்டியிலடைக்கும் வழக்கம் மேனாட்டிற் பலர்க்கு உண்டு. நன்கு வடித்த பீரும் அழுக்குப் புட்டியிலே கெட்டுப்போம். சில காட்டு ஈஸ்டு வகைகள், வளர்ப்பு ஈஸ்டு தொடாது விட்ட சர்க்கரையையும் உண்டு காற்றைப் பெருக்க, புட்டி வெடித்துக் கண்ணையும் கையையும் ஊனப்படுத்தலாம். ஆதலின் புட்டியை இருமுறை தூய்மை செய்ய வேண்டும். முதலாவது கழுவுதல்: குடித்தவுடன் அலசிவிட வேண்டும், வண்டல் காய்ந்து ஒட்டிக்கொண்டால், வெந்நீரிலே சலவைச் சோடாவைக் கரைத்து ஊறவைத்து, நீண்ட தூரிகையால் அடிவரை தேய்த்து, ஒளியிற் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது கிருமி நீக்குதல்: நீராவியாலோ, கொதிநீராலோ, உலர்ந்த சூட்டாலோ, மருந்துநீராலோ செய்வது. இவ்விரண்டும் ஒன்றென எண்ணுவோர் பலர். வண்டல் படிந்த இடத்திலே மருந்து ஊடுருவாது. அவ் வண்டலின் அடியிலே கிருமி கோட்டைக்குள் இருப்பதுபோல் இருக்கும். கழுவாத புட்டியைக் கிருமி நீக்க இயலாது. கழுவிய புட்டியோ இன்னும் கிருமி நீங்கியதன்று. சூடான கண்ணாடியிலே குளிர்நீர் பட்டால் விரிசல் விடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்டிர் ஊறுகாய்ச் சாடியைக் கழுவி, வெந்நீர் விட்டுக் குலுக்கி, ஈரம் சிறிதுமின்றி வெயிலிலே கவிழ்த்து வைப்பர். கிறிஸ்து பிறப்பு நாளுக்குப் பழச்சாறு காய்ச்சி அடைக்கும் இல்லங்களிலும் இதுவே வழக்கம். அவர்களுள் எவரும் பாஸ்டரைப் படித்தவரல்லர்.

கழுவிய புட்டி தூயதன்று என்னும் உண்மையைப் பாஸ்டரும் எளிதிற் கற்றாரல்லர். மாற்றார் ஒருவரே அதனைக் கற்பித்தார். 1876-ஆம் ஆண்டு இங்கிலாந்து மருத்துவர் பாஸ்டியன், தாம் கொதிக்கவைத்த சிறுநீரிலே காரம் சேர்த்தபோது கிருமிகள் தோன்றின என்றும், ஆகவே வித்தின்றி உயிர் பிறக்கும் என்றும் வாதிட்டார். பாஸ்டர் சீறினார்; தம் துணைவர் ஜுபேர், ஷாம்பர்லான் ஆகியோருடன் ஆராய்ந்தார். பாஸ்டியனது முடிபு தவறே. ஆனால் அவர் கண்ட காட்சி பொய்யன்று. சில கிருமிகள் கொதிநீருக்கும் அழியாத வித்துக்களாக ஒடுங்கிக் கிடக்கும். புட்டியைக் கழுவிய நீரிலேயும் அவை இருக்கும். கழுவியபின் புட்டியின் சுவரிலே தங்கும். ஜெர்மானிய அறிஞர் கோன் அவ்வாண்டிலேயே வைக்கோற் சாற்றிலே அத்தகைய வித்துக்களைக் கண்டிருந்தார். அன்று முதல் பாஸ்டரின் ஆராய்ச்சிச்சாலையிலே நீர்ப்பொருள்களை அழுத்தத்தின்கீழ் 120 பாகைக்குச் சூடேற்றினர். வெறுங் கண்ணாடிக் கலங்களை அதனினும் மிகுந்த உலர்சூட்டிலே வாட்டினர். இன்று மருத்துவமனைதோறும் உள்ள அழுத்தக் கொப்பரை ஷாம்பர்லான் அமைத்த கலத்தின் வழிவந்தது.

இங்கே ஒன்று சொல்லாது விடுவது முறையன்று. முன்னர்ப் பூஷேயின் நண்பர் 1863-ஆம் ஆண்டு பிரினீசு மலையிலே பாஸ்டரைப் போலவே குடுவைகளைத் திறந்தனர். அவர்களுடையவை யாவும் கெட்டன. அவர்கள் பயன்படுத்தியது வைக்கோற் சாறு. 1864-ஆம் ஆண்டு அறிஞர் கழகத்து நடுவர்முன் அவர்கள் ஒதுங்கிக்கொள்ள, வெற்றி பாஸ்டர்க்கே என்று முடிந்தது. அவர்கள் துணிந்து நின்று வைக்கோற் சாற்றைக் காட்டியிருப்பின் பாஸ்டர் பெரிதும் இடர்ப்பட்டிருப்பார். அவர் கொள்கை மெய். அவர் சான்று அன்று முழுமையுற்றதன்று. பெரியோரை வழிபடுவோர்க்கு இது கசக்கும். 1881-ஆம் ஆண்டு பூயி-லெ-ஃபோர் என்னும் ஊரிலே ஆடுகளுக்கு அடைப்பான் நோய்த் தடுப்பு மருந்து செலுத்தி ஊரறிய வெற்றிகண்டபோதும், அம் மருந்து எவ்வாறு செய்யப்பட்டதென்பதை அவர் உலகுக்கு முழுதும் உரைக்கவில்லை என்பது, அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்து 1995-ஆம் ஆண்டு வெளிவந்த நூலால் தெளிவாயிற்று. மருந்து பலித்தது, ஆடுகள் பிழைத்தன. ஆயினும் மெய்யை மறைத்தது மறைத்ததே.

பீர்ப் புட்டியிலிருந்து மருத்துவமனை தொலைவிலில்லை. பாஸ்டரின் கட்டுரைகளைப் படித்த, ஸ்காத்லாந்திலே பணியாற்றிய ஆங்கில மருத்துவர் லிஸ்டர், புண்ணும் புளிக்கும் தொட்டி போன்றதே என்று கண்டு, 1865-ஆம் ஆண்டு கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1874-ஆம் ஆண்டு நன்றிக் கடிதம் விடுத்தார். பாஸ்டரோ அறுவை செய்வார் கைகளை நன்கு கழுவித் தீயிற் காட்டிய கருவிகளையே கையாள வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டு மருத்துவர் கழகத்திலே வற்புறுத்தினார். அவர் மருத்துவரல்லர்; மருத்துவர் பலர் சினந்தனர். விருந்துக்குச் சென்றவிடத்தும் தட்டையும் குவளையையும் துடைத்துப் பார்த்தே உண்பார், பிறர் கையைப் பற்றவும் தயங்குவார் என்பர்.

வெறிநாய்க்கடி மருந்தின் வரலாறு யாவரும் அறிந்ததாதலின் சுருக்குகின்றோம். 1831-ஆம் ஆண்டு ஆர்புவாப் பக்கத்திலே வெறிபிடித்த ஓநாய் கடித்தவர்களைக் கொல்லன் உலையிலே பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் சுட்ட கொடுமையை, 8 வயதுச் சிறுவராய்ப் பாஸ்டர் அறிந்திருந்தார். 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு முதல் ஊசி போடப்பட்டது, சிறுவன் பிழைத்தான். 1888-ஆம் ஆண்டு பாரிசிலே பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. நம் நாட்டிலே அப் பெயர் தாங்கிய நிலையங்கள் 1900-ஆம் ஆண்டு இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியிலும், 1907-ஆம் ஆண்டு நீலகிரியின் குன்னூரிலும் தோன்றின. எட்வர்ட் டயர் என்பார் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலே பீர் ஆலை நிறுவிய ஊரும் அதே கசௌலிதான்.

1892-ஆம் ஆண்டு அவருடைய எழுபதாம் பிறந்தநாளன்று சார்போன் மண்டபத்திலே லிஸ்டர் நேரில் வந்து வாழ்த்தினார். 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் பாரிசையடுத்த வில்நூவ் லேத்தான் என்னுமிடத்திலே, கிறிஸ்துவ முறைப்படி, மனைவியார் அருகிருக்க உயிர் நீத்தார். அவரது உடல் பாஸ்டர் நிலையத்தின் நிலவறைக் கல்லறையிலே வைக்கப்பட்டுள்ளது. அதன் சுவர்களும் வளைவுகளும் வண்ணக் கற்களாற் பதித்த சித்திரங்கள் உடையன. ஆடுகளும் நாய்களும் அங்கே உள்ளன. பட்டுப்புழுவுக்குரிய முசுக்கட்டை இலையும் திராட்சைக் கொடியும் உள்ளன. பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்புக் கொடியும் அவற்றோடு படர்ந்திருக்கின்றது.